அடுக்கி வைத்ததால் காணாமல் போன பிளகின்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து என் கணினியில் இருந்த பிளகின்களை, அதாவது இசை மென்பொருளுக்குள் சேர்த்துப் பயன்படுத்தும் சின்னச் சின்ன ஒலிக் கருவிகளை, அடுக்கினேன். வியாழக்கிழமை ஒரு பழைய பாட்டு ஒழுங்காகத் திறக்கவில்லை. அதற்கு என்ன காரணம், எப்படி மீட்டேன், அப்புறம் அதே அடுக்கும் வேலையை ஏன் இன்னும் இரண்டு தடவை செய்ய வேண்டி வந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

அது இரண்டு வருடத்துக்கு முன் மிக்ஸ் செய்து (குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து) கொடுத்த பாட்டு. பாடியவர் போனில் கூப்பிட்டு, “குரலை மட்டும் ஒரு பொட்டு தூக்கிக் குடுங்க சார், மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்” என்றார். அரை மணி நேரத்தில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுக் கோப்பைத் திறந்தேன். நான் மிக்ஸ் செய்யும் மென்பொருளான ரீப்பர் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டியது. அதில் மூன்று பிளகின்கள் கிடைக்கவில்லை என்று இருந்தது. மூன்றுமே குரல் ட்ராக்கில் இருந்தவை. அவர் கேட்டதில் “அப்படியே இருக்கட்டும்” என்ற பாதிதான் இப்போது இடித்தது.

அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், அந்தக் கோப்பைச் சேமிக்காமல் மூடியது. ரீப்பர் காணாமல் போன பிளகினின் அமைப்புகளைக் கோப்பிலேயே பத்திரமாக வைத்திருக்கும். எல்லா மென்பொருளும் அப்படி இருக்கும் என்று நம்பிச் சேமித்துவிடக் கூடாது. பழைய வேலையை எப்போதும் நகல் எடுத்துத் திறப்பது நல்லது. இதை நான் அன்றைக்குத்தான் பழகிக்கொண்டேன்.

முன்பு இருந்த நிலை

விண்டோஸ் கணினி, ரீப்பர், ஏழெட்டு வருடமாகச் சேர்ந்த பிளகின்கள். பட்டியலில் 430 சொச்சம் பெயர்கள் வந்தன. உண்மையில் அத்தனை இல்லை. பிளகின்கள் எழுதப்படும் பொது வடிவம் ஒன்றுக்குப் பெயர் விஎஸ்டி. ஒரே கம்ப்ரெசர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்துவது) அதன் இரண்டாம் பதிப்பான விஎஸ்டி2 ஆக ஒரு தடவை, மூன்றாம் பதிப்பான விஎஸ்டி3 ஆக ஒரு தடவை வரும். சில தயாரிப்பாளர்கள் மோனோவுக்கு ஒன்று, ஸ்டீரியோவுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் காட்டுவார்கள். காலாவதியான சோதனைப் பதிப்புகளும் அங்கேயே கிடந்தன.

கோப்புகள் சிதறிக் கிடந்ததற்குக் காரணம் என் சோம்பேறித்தனம் மட்டும் அல்ல. ஸ்டைன்பெர்க் என்ற இசை மென்பொருள் நிறுவனம் விஎஸ்டியை 1996-இல் கொண்டு வந்தது. 1999-இல் இரண்டாம் பதிப்பு, 2008-இல் மூன்றாவது. விஎஸ்டி2 காலத்தில் விண்டோஸில் பிளகினுக்கு இதுதான் இடம் என்று ஒரு கட்டாயம் இல்லை. ஒரு நிறுவி விஎஸ்டிபிளகின்ஸ் என்ற ஃபோல்டரில் போடும், இன்னொன்று அதே பெயரில் ஸ்டைன்பெர்க் ஃபோல்டருக்கு உள்ளே ஒன்றை உருவாக்கிப் போடும், மூன்றாவது தன் நிறுவனப் பெயரில் தனி இடம் பிடிக்கும். என் கணினியில் இப்படி நான்கு இடங்கள். விஎஸ்டி3-க்கு அந்தத் தொல்லை இல்லை. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் விஎஸ்டி3 என்று ஒரே முகவரி. மேக்கிலும் லைப்ரரி, ஆடியோ, பிளக்-இன்ஸ் என்று போனால் ஏயூ (ஆப்பிளின் பிளகின் வடிவம்), விஎஸ்டி, விஎஸ்டி3 எல்லாம் தனித்தனி ஃபோல்டர்களில் ஒழுங்காக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை செய்தது இதுதான். நான்கு இடங்களில் இருந்த விஎஸ்டி2 கோப்புகளை எடுத்து, கம்ப்ரெசர், ஈக்யூ (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது), ரிவெர்ப் (கூடத்தின் எதிரொலியைச் சேர்ப்பது) என்று நானே உண்டாக்கிய ஃபோல்டர்களில் பிரித்துப் போட்டேன். விஎஸ்டி3 பதிப்பும் இருக்கிற பிளகின்களில் விஎஸ்டி2-ஐ ‘இரட்டை’ என்று முடிவு கட்டி நீக்கினேன். பட்டியல் பாதிக்கு அருகில் சுருங்கியது. அன்றைக்கு இரவு எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கோப்புக்குள் இருந்தது

ரீப்பரின் பிராஜெக்ட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறக்கலாம். ஒவ்வொரு பிளகினுக்கும் ஒரு வரி இருக்கும். அதில் முதலில் விஎஸ்டி என்ற சொல், பிறகு பட்டியலில் தெரியும் பெயர், பிறகு டிஎல்எல் கோப்பின் (விண்டோஸில் விஎஸ்டி2 பிளகின் இருக்கும் கோப்பு) பெயர், கடைசியில் ஒரு நீண்ட எண். ரீப்பரோடு வரும் ரீஈக்யூவின் விஎஸ்டி2 வரியைப் பார்த்தால் அந்த எண் 1919247729. அது ஏதோ தற்செயலான எண் அல்ல. ஆர், ஈ, ஈ, க்யூ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளை வரிசையாக வைத்து ஒரே எண்ணாகப் படித்தால் இது வரும். விஎஸ்டி2 பிளகின் ஒவ்வொன்றுக்கும் இப்படி நான்கு எழுத்து அடையாளம் உண்டு. அதற்குக் கீழே பத்திருபது வரி புரியாத எழுத்துக் குவியல். அதுதான் நாம் திருகி வைத்த குமிழ்கள் எல்லாம்.

விஎஸ்டி3-இன் அடையாளம் வேறு வகை, 128 பிட் நீளம். அதாவது நான் இரட்டை என்று நினைத்த இரண்டும் ரீப்பரின் கண்ணுக்கு வேறு வேறு பிளகின்கள். திரையில் ஒரே முகம், ஒரே குமிழ், ஒரே சத்தம். ஆனால் பழைய பாட்டு கேட்பது அந்த நான்கெழுத்து ஆளை. தயாரிப்பாளர் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தால், விஎஸ்டி2 இருந்த இடத்தில் விஎஸ்டி3-ஐத் தானாக உட்கார வைக்கும் மென்பொருள்களும் உண்டு. அந்த ஏற்பாடு எந்தப் பிளகினில் இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது.

காணாமல் போன மூன்றில் இரண்டின் கதை இது. மூன்றாவது இன்னும் அற்பமான விஷயம். புதிய ஃபோல்டர்களில் ஒன்றை ரீப்பரின் தேடும் பாதையில் சேர்க்க மறந்திருந்தேன்.

குப்பைத் தொட்டியைக் காலி செய்திருந்தேன், ஆனால் வெளி வட்டில் காப்புப் பிரதி இருந்தது. விஎஸ்டி2 கோப்புகள் எல்லாவற்றையும் பழைய நான்கு இடங்களுக்கே திருப்பி வைத்தேன், பாதைகளைச் சரி செய்தேன், தற்காலிகப் பட்டியலை அழித்து முழுதாக ஸ்கேன் ஓட்டினேன். பாட்டு எந்தப் பெட்டியும் காட்டாமல் திறந்தது. சரி, முடிந்தது என்று குரலை அரை டெசிபெல் தூக்கினேன்.

சத்தம் போடாமல் செத்தது

என்னோடு வேலை பார்க்கும் தம்பி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். “அண்ணே, வரி முடியுற இடத்துல அந்த வால் இல்லையே” என்றான். குரல் நின்ற பிறகும் இழையும் ரிவெர்ப் ஒலியைத்தான் வால் என்கிறான்.

எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முந்தைய ரிவெர்ப் வால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதனால் சோதித்துப் பார்த்தோம். அன்று அனுப்பிய வேவ் கோப்பைப் புது ட்ராக்கில் முதல் நொடியோடு நொடி பொருத்தி வைத்து, அதன் ஃபேஸைத் தலைகீழாக்கி (அலையின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் ஆகும்படி), மொத்தப் பாட்டின் மேல் இருக்கும் மாஸ்டர் பிளகின்களைத் தாண்டி நேரே வெளியே போகும்படி அனுப்பினோம். குரலை மறுபடி பழைய அளவுக்கு இறக்கிவிட்டு இரண்டையும் சேர்த்து ஓட்டினோம். மிக்ஸ் அச்சாக அதுவேயானால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து மௌனம் வர வேண்டும். கோரஸ் மாதிரி தன்போக்கில் அசையும் எஃபெக்ட் இருந்தால் முழு மௌனம் வராது, ஆனால் இந்தப் பாட்டில் அப்படி ஒன்றும் இல்லை. தாளமும் கிட்டாரும் அநேகமாக மறைந்துவிட்டன. மிச்சம் கேட்டது ஒன்றே ஒன்று: குரலின் ரிவெர்ப் வால், ஆளே இல்லாத கூடத்தில் எதிரொலி மட்டும் உலாவுகிற மாதிரி.

காரணம் ஒரு கன்வல்யூஷன் ரிவெர்ப். நிஜக் கூடங்களில் பதிவு செய்த ஒலித்தடக் கோப்புகளை வைத்து வேலை செய்யும் வகை. அந்தப் பழைய பிளகின் தன் ஒலித்தடங்களைத் தன் டிஎல்எல் கோப்புக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபோல்டரில் தேடும். ஞாயிறு அன்று டிஎல்எல் கோப்பை மட்டும் நகர்த்திவிட்டு, அந்தத் துணை ஃபோல்டரை ‘பிளகின் இல்லை’ என்று அழித்திருந்தேன். மீட்கும்போதும் டிஎல்எல் கோப்புகளைத்தான் திருப்பி வைத்தேன். அதனால் பிளகின் திறக்கும், பெயர் வரும், குமிழ்கள் எல்லாம் சரியான இடத்தில் நிற்கும், ஒலித்தடம் மட்டும் காலி. எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

மூன்று பிளகின் காணவில்லை என்று சொன்ன பெட்டியை விட, ஒன்றுமே சொல்லாத இந்த நான்காவதுதான் ஆபத்து. தம்பியின் காது இல்லாவிட்டால் வால் இல்லாத பாட்டையே அனுப்பியிருப்பேன். துணை ஃபோல்டரையும் காப்புப் பிரதியிலிருந்து எடுத்து வைத்தோம். அரை மணி வேலை என்று சொன்னது ராத்திரியில் போய் முடிந்தது.

எண்ணிப் பார்த்தது

பட்டியல் இன்னமும் 430. பழைய குப்பை அப்படியே திரும்பி வந்துவிட்டது. வட்டில் கை வைக்கக் கூடாது என்பது தெரிந்தது, ஆனால் வேலை செய்யும்போது கண் முன்னால் நிற்கும் பட்டியலை என்ன செய்வது?

இந்தத் தடவை ஊகத்தில் இறங்கவில்லை. பிராஜெக்ட் கோப்புகள் எழுத்துக் கோப்புகள்தானே, மூன்று வருடக் கோப்புகளில் பிளகின் வரிகளை மட்டும் தேடி எண்ணினேன். முதல் எண்ணிக்கை அபத்தமாக வந்தது. ரீப்பர் தானாக எடுக்கும் பேக்கப் கோப்புகளும் சேர்ந்து எண்ணப்பட்டதால், அதிகம் தடுமாறி அதிகம் சேமித்த பாட்டின் பிளகின்கள் எல்லாம் மேலே வந்து நின்றன. பேக்கப்பை விலக்கி மறுபடி எண்ணினேன்.

ஒரு தடவையாவது பயன்பட்டவை 90-ஐத் தொடவில்லை. முக்கால்வாசி வேலையை இருபது பிளகின்கள் பார்த்திருந்தன. அதிலும் முதலிடம் ரீப்பரோடு இலவசமாக வரும் ஈக்யூவுக்கு. ஆசை ஆசையாக வாங்கிய ஒரு கம்ப்ரெசர் இரண்டே பாட்டில் இருந்தது; அதில் ஒன்று, வாங்கிய அன்றைக்குச் சோதித்துப் பார்த்தது.

எண்ணிக்கையை அப்படியே நம்பவும் முடியவில்லை. முதல் பத்துக்குள் ஒரு சுமாரான டிலே இருந்தது. ஏன் இதை இத்தனை தடவை போட்டேன் என்று யோசித்தால், அதன் பெயர் ஆங்கிலத்தில் ஏ-யில் தொடங்குகிறது. பட்டியலில் முதலில் கண்ணில் பட்டதைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். மறுபக்கம், பதிவில் விழுந்த சொடுக்குச் சத்தத்தை எடுக்கும் கருவி மூன்றே தடவைதான் வந்திருந்தது. அந்த மூன்று தடவையும் அது இல்லாவிட்டால் பாட்டே இல்லை. எண்ணிக்கை பழக்கத்தைத்தான் காட்டும், தேவையைக் காட்டாது.

அதே எண்ணிக்கையில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் தெரிந்தது. பிளகின்கள் தனித்தனியாக வரவில்லை. குரல் ட்ராக்குகளில் அதே நான்கு, அதே வரிசையில், திரும்பத் திரும்ப வந்தன: தாழ்ந்த அலைகளை வெட்ட ஈக்யூ, கம்ப்ரெசர், ச, ஷ ஒலிகளின் கூர்மையைக் குறைக்கும் டீ-எஸ்ஸர், மறுபடி ஒரு ஈக்யூ. நான் ஒவ்வொரு தடவையும் நான்கு பெயர்களைத் தேடி நான்கு தடவை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நான்கையும் ஒரே எஃப்எக்ஸ் செயினாக (மொத்தமாக ஒரே தடவையில் போடக்கூடிய வரிசையாக) சேமித்த அன்றைக்கே, பட்டியலைத் திறக்கும் தேவை பாதி குறைந்தது. அடுக்குவதற்கு முன்னால் இதைச் செய்திருக்க வேண்டும்.

அழகான மரம், யாரும் ஏறாத மரம்

இரண்டாவது முயற்சியில் வட்டைத் தொடவில்லை. ரீப்பரின் எஃப்எக்ஸ் பிரவுசரில், அதாவது பிளகினைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில், சொந்த ஃபோல்டர்கள் போடலாம். அவை வெறும் சுட்டிகள், கோப்பு எங்கேயும் நகராது. அதில் பாடநூல் மாதிரி ஒரு மரம் கட்டினேன். டைனமிக்ஸ், அதற்குள் கம்ப்ரெசர், அதற்குள் விசிஏ, எஃப்இடி, ஆப்டோ, வேரி-மியூ என்று மின்சுற்று வகைகள்.

ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை. சத்தத்துக்கு ஏற்பத் தானே மாறும் டைனமிக் ஈக்யூவை ஈக்யூவில் வைப்பதா, டைனமிக்ஸில் வைப்பதா? டேப் பிளகினை நான் முனை மழுக்கத்தான் பயன்படுத்துகிறேன், அது சாச்சுரேஷனா கம்ப்ரெசரா? ஈக்யூ, கம்ப்ரெசர் எல்லாம் ஒன்றாக இருக்கும் முழு சேனல் ஸ்ட்ரிப்புக்கு எங்கே இடம்? விஎஸ்டி3 பிளகின்கள் தங்கள் வகையைத் தாங்களே சொல்லும் வசதி உண்டு, ஆனால் சில தயாரிப்பாளர்கள் வெறுமனே ‘எஃபெக்ட்’ என்று மட்டும் எழுதி விட்டிருப்பார்கள். நான்கு கிளை இறங்குவதற்குள் தேடும் பெட்டியில் பெயரைத் தட்டிவிடலாம் என்று கை தானாகவே அங்கே போனது.

அடிப்படைத் தவறு வேறு. மிக்ஸ் செய்யும்போது என் மனதில் “எனக்கு ஒரு எஃப்இடி கம்ப்ரெசர் வேண்டும்” என்று ஓடுவதில்லை. “ச, ஷ வரும்போது காதில் குத்துது” என்றுதான் ஓடுகிறது.

குறையின் பெயரில் ஃபோல்டர்

மூன்றாவது முயற்சியில் ஃபோல்டர்களுக்கு அந்த வார்த்தைகளையே வைத்தோம். ‘குத்துது’, ‘மண்ணா இருக்கு’, ‘உயிர் இல்ல’, ‘பின்னால தள்ள’, ‘ஒட்ட வைக்க’, ‘அழுக்கு எடுக்க’, ‘அளக்க’. கடைசியில் லவுட்னஸ் மீட்டர், ஸ்பெக்ட்ரம் மாதிரி கேட்காமல் பார்ப்பவை மட்டும்.

ஒரு ஃபோல்டரில் ஆறுக்கு மேல் கூடாது என்று வைத்துக்கொண்டோம். ஒரே பிளகின் இரண்டு மூன்று ஃபோல்டரில் வரலாம், வெறும் சுட்டிதானே. டைனமிக் ஈக்யூ ‘குத்துது’விலும் இருக்கிறது, ‘மண்ணா இருக்கு’விலும் இருக்கிறது; எங்கே வைப்பது என்ற தகராறு அதோடு தீர்ந்தது. ‘ஒட்ட வைக்க’ ஃபோல்டரில் முதலில் நானும் தம்பியும் வேறு வேறு கம்ப்ரெசர்களைப் போட்டு ஒருவர் போட்டதை ஒருவர் நீக்கிக்கொண்டிருந்தோம். இப்போது ஆளுக்கு மூன்று.

பெயர் மாற்றமும் உதவியது. பிரவுசரில் எஃப்2 தட்டி, பட்டியலில் தெரியும் பெயரை மாற்றலாம்; டிஎல்எல் கோப்பும் பழைய பிராஜெக்ட்டும் பாதிக்கப்படாது. பெயருக்குப் பின்னால் எங்கள் வார்த்தையைச் சேர்த்தோம், தேடும்போது வரட்டும் என்று. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். தமிழில் சேர்த்தால் தேடும்போது விசைப்பலகையை மாற்ற வேண்டும். வேலை வேகத்தில் யாரும் மாற்றுவதில்லை. ஆகவே ஃபோல்டர் பெயர் தமிழ் எழுத்தில், தேடும் சொல் மட்டும் ஆங்கில எழுத்தில் அடித்த ‘குத்து’. பார்க்க அசிங்கம்தான், வேலை நடக்கிறது.

மீதி முந்நூற்றுச் சொச்சம் என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. வட்டில் அதே இடத்தில் இருக்கின்றன, பழைய பாட்டு கேட்டால் எழுந்து வரும். எங்கள் கண்ணில் மட்டும் படுவதில்லை.

மற்ற இசை மென்பொருள்களிலும் இதே வழிக்கு வசதி இருக்கிறது. கியூபேஸில் பிளக்-இன் மேனேஜரில் கலெக்‌ஷன் என்று தனிப் பட்டியல்கள் போடலாம். லாஜிக்கில் பிளக்-இன் மேனேஜரில் சொந்த வகைகள் உண்டாக்கலாம், வேண்டாதவற்றின் குறியை எடுத்து மெனுவிலிருந்து மறைக்கலாம். ஏபிள்டன் லைவில் 10-ஆம் பதிப்பிலிருந்து ஏழு நிறக் கலெக்‌ஷன்கள் உண்டு. ஏழு போதாது என்று குறைப்பட்டவர்களில் நானும் ஒருவன். எங்கள் ஃபோல்டர்களும் கடைசியில் ஏழாகத்தான் நின்றன. எஃப்எல் ஸ்டூடியோவில் பிளகின் டேட்டாபேஸ் என்பது நிஜமான ஃபோல்டர்தான், ஆனால் அதில் இருப்பவை சின்னச் சுட்டிக் கோப்புகள். அவற்றை எப்படி மாற்றி அடுக்கினாலும் பிளகினுக்கு ஒன்றும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை நான் செய்ய நினைத்ததை அங்கே செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

பாக்கி

விஎஸ்டி2 விஷயம் தானாகத் தீராது. ஸ்டைன்பெர்க் 2018-இல் விஎஸ்டி2 மேம்பாட்டுக் கருவித்தொகுப்பைக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. புதிய பதிப்பு வரும்போது விஎஸ்டி2-ஐ விட்டுவிடும் தயாரிப்பாளர்கள் கூடிக்கொண்டு போகிறார்கள். நான் அன்றைக்குக் கையால் செய்த தவறை நாளைக்கு ஒரு நிறுவி செய்யலாம். அதனால் முடிந்த வேலை ஒவ்வொன்றுக்கும் இப்போது ட்ராக் ட்ராக்காக, எஃபெக்ட் சேர்த்தும் சேர்க்காமலும், ஸ்டெம் (பிளகின் இல்லாமலே ஓடும் ஒலிக் கோப்பு) எடுத்து வைக்கிறோம். பழைய பாட்டுகளில் இன்னும் இருபதுக்கு மேல் பாக்கி. வேலை இல்லாத மதியங்களில் தம்பி ஒன்றொன்றாகத் திறக்கிறான், பழைய வேவோடு ஃபேஸ் திருப்பி மௌனம் வருகிறதா என்று பார்க்கிறான், அப்புறம் ஸ்டெம் எடுக்கிறான்.

இதுவரை திறந்ததில் ஒன்று மட்டும் மௌனமாகவில்லை. பழைய 32 பிட் சின்த் (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் வாத்தியப் பிளகின்) ஒன்று அதில் இருக்கிறது. 32 பிட் பிளகினை 64 பிட் ரீப்பரில் ஓட்டும் பாலம் வழியாக ஓடுகிறது, தயாரிப்பாளர் கடையை மூடி வருடங்கள் ஆகின்றன. ஒலி அலையை உண்டாக்கும் அதன் ஆஸிலேட்டர் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்திலிருந்து சுழலத் தொடங்குவதால் இரண்டு தடவை ஓட்டினால் இரண்டு மாதிரி வருகிறது. நான்கு தடவை எடுத்து வைத்திருக்கிறோம், எது பழைய பாட்டுக்குக் கிட்ட வருகிறது என்று இன்னும் முடிவாகவில்லை.